ஜப்பானில் தட்டிக்கேட்கச் சட்டம் இல்லையா?

கேள்வி: ஜப்பானிய ஓவியம், அனிமே என்கிற கார்ட்டூன், சினிமா எதை எடுத்தாலும் ஆபாசம்தான். அங்கே தட்டிக்கேட்கச் சட்டமே கிடையாதா? இதைக் கலை என்று வேறு சொல்கிறார்களே!

பதில்: சட்டம் இருக்கிறது. 1907-இல் வந்த குற்றவியல் சட்டத்தின் 175-ஆவது பிரிவு, ஆபாசமானவற்றை விற்பதையும் பரப்புவதையும் இன்றுவரை தண்டிக்கிறது. அங்கே வயது வந்தோருக்கான படங்களில் அந்தரங்க உறுப்புகளைக் கட்டம் கட்டமாக மறைப்பது இந்தப் பிரிவுக்குப் பயந்துதான்.

'எதை எடுத்தாலும்' என்கிறீர்கள். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) மரக்கட்டை அச்சில் காமத்தைச் சித்திரித்த ஷுங்கா ஓவியம் ஒன்றையாவது நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? 1788-இல் வெளிவந்த, ஓவியர் உதமாரோவின் 'உதமகுரா' தொகுப்பில், ஒரு தேநீர் விடுதியின் மாடியில் ஒரு ஜோடி. அவள் நமக்கு முதுகு காட்டியிருக்கிறாள், முகம் தெரியாது. மெல்லிய துணி, வெறும் பின்னங்கழுத்து. அவள் கூந்தலுக்குக் கீழே அவனுடைய ஒற்றைக் கண் மட்டும் தெரிகிறது. அந்தக் கண்ணில் இருக்கும் ஆசையை வரைய எத்தனை பேருக்குக் கை வரும்?

ஷுங்காவுக்கு 1722-லேயே தடை வந்துவிட்டது. அப்புறமும் மறைவாக விற்றார்கள், வாங்கினார்கள். 1804-இல் உதமாரோவின் கைகளில் விலங்கு பூட்டியது அரசு. காம ஓவியத்துக்காக அல்ல. ஹிதெயோஷி என்ற பழைய ஆட்சியாளரை வரைந்ததற்காக!

சினிமாவுக்கு வருவோம். இயக்குநர் நாகிஸா ஓஷிமா 1976-இல் காமத்தை ஒளிக்காமல் காட்டிய 'ஆய் நோ கொரீதா' படத்தை எடுத்தபோது, ஜப்பானில் படம்பிடித்த பிலிமைக் கழுவாமலே பிரான்சுக்கு அனுப்பி, அங்கேதான் எடிட் செய்தார். சொந்த நாட்டில் வெட்டியும் மங்கலாக்கியும்தான் ஓட்ட முடிந்தது. திரைக்கதையையும் ஸ்டில்களையும் புத்தகமாகப் போட்டதற்கு வழக்கு வேறு. வெளிப்படுத்திய எதுவும் ஆபாசம் இல்லை, மறைத்து வைப்பதுதான் ஆபாசம் என்று வாதாடினார். 1982-இல் மேல்முறையீட்டிலும் விடுதலை. அந்த வாதத்தை நான் முழுசாக ஏற்கவில்லை. ஆனால் ஒரு கலைஞன் தன் படைப்புக்காகக் கோர்ட்டில் நின்று வாதாடினான் என்பதை மதிக்கிறேன்.

2015-இல் தோக்கியோவின் எய்செய் புன்கோ என்ற சிறிய அருங்காட்சியகம் ஷுங்காவைக் காட்சிக்கு வைத்தது. பெரிய அருங்காட்சியகங்கள் தயங்கி ஒதுங்கிய பிறகுதான் அந்த வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் எல்லோரும் வக்கிரம் பிடித்தவர்களா?

உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதே குற்றம் என்று 2014-இல் சட்டத்தைத் திருத்திய ஜப்பான், மங்கா காமிக்ஸையும் அனிமேயையும் அதில் சேர்க்கவில்லை. சிறுமிகளைக் காமப் பொருளாக வரைந்து விற்கிறவர்கள் அந்த ஓட்டையில்தான் பிழைக்கிறார்கள். அதைக் கலை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஓஷிமாவை வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையவிட்ட அரசு அங்கே ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது? தட்டிக்கேட்க வேண்டியது அதைத்தான்.