முதல் கோழிகள்: முட்டைக் கணக்குக்கு முன் வெயில் கணக்கு

கேள்வி: சிங்கப்பூர் செம்பவாங்கில் தரைவீட்டில் இருக்கிறோம். பக்கவாட்டில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் காலியாகக் கிடக்கிறது. ஐந்து பேர் குடும்பம். மாமனாருக்கு ஊர் நாட்டுக்கோழியான சிறுவிடைதான் வேண்டும். பிள்ளைகள் பஞ்சுபோல் இருக்கும் சில்க்கி கேட்கிறார்கள். எனக்கு அன்றாடம் முட்டை கிடைத்தால் போதும். ஒரு சேவல், ஒரு ஆர்பிங்டன் என்று வகைக்கு ஒன்றிரண்டாக எட்டு வாங்கி விடலாமா?

பதில்: எட்டு வேண்டாம் சகோதரி, நான்கு போதும். நான்கும் ஒரே வயதில், ஏறக்குறைய ஒரே எடையில் இருக்கட்டும். சேவல் கூடவே கூடாது. பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடியற்காலை நான்கு மணிக்குச் சேவல் கூவினால், சுவர் ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு வாரத்துக்குள் புகார் போகும்.

தனியார் வீடுகளில் செல்லப்பிராணியாகப் பத்துக் கோழிகள்வரை வளர்க்கலாம். ஆனால் காட்டுப் பறவைகள் நுழைய முடியாத கூண்டில்தான் வைத்திருக்க வேண்டும். வீவக அடுக்குமாடி வீடுகளில் அனுமதி இல்லை. வாங்குவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இப்போதைய நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனி இனம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது வெயிலும் புழுக்கமும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தும், கொண்டை, தாடி, கால் வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் மூச்சிரைப்பும் சரியாகப் பலன் தராது. அதனால் உடம்பு பெருத்து இறகு அடர்ந்த இனங்கள் இங்கே திணறும். ஆர்பிங்டன் இங்கிலாந்துக் குளிருக்கு உருவான கோழி. படத்தில் அழகுதான், சிங்கப்பூர் நண்பகலில் அதற்கு அது தண்டனை. அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் முட்டைத் தேவைக்குச் சரியானது பழுப்பு முட்டையிடும் கலப்பினம்: ஐசா பிரவுன், ஹைலைன் பிரவுன், லோமன் பிரவுன் போன்றவை. இரண்டு கிலோ அளவு உடம்பு, சாதுவான குணம், பிள்ளைகள் கையில் எடுத்தால் பதறாது. இவற்றில் இன்னொரு பெரிய வசதி உண்டு. குஞ்சு பொரித்த அன்றே பெட்டை பழுப்பாகவும் சேவல் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். ஆணா பெண்ணா என்பதை நிறமே சொல்லிவிடும். சில்க்கியில் அப்படி இல்லை. நான்கைந்து மாதம் ஆகியும் சேவலா பெட்டையா என்று தெரியாமல் குழம்புவார்கள். "பெட்டை" என்று நம்பி வாங்கியது ஒருநாள் கூவத் தொடங்கும். அதற்குள் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள். பிறகு அதை எங்கே கொண்டு விடுவது? இந்த ஊரில் இனத் தேர்வின் பாதிச் சிக்கல் இதுதான்.

விளம்பரத்தில் ஆண்டுக்கு 300 முட்டை என்று போட்டிருக்கும். அது ஒரு நாளைக்குச் சுமார் 16 மணி நேரம் விளக்கு எரியும் பண்ணைக் கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நமக்கு ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம்தான். கோழிக்கு வாரம் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் இந்தக் கலப்பினமானால் முதல் ஆண்டில் வாரம் இருபது. ஐந்து பேருக்கு அது தாராளம். இன்னொன்றையும் தெரிந்தே வாங்குங்கள். இடைவிடாமல் முட்டையிடும் இந்தக் கோழிகள் இரண்டு ஆண்டுக்குப் பிறகு குறைத்துவிடும். முட்டைக் குழாய்க் கோளாறுகளும் இவற்றுக்கே அதிகம். முட்டை நின்ற பிறகும் சில ஆண்டுகள் தீனி போட வேண்டிவரும் என்பதை வீட்டில் முன்பே பேசி முடிவெடுங்கள்.

மாமனாரின் சிறுவிடை இங்குள்ள வெயிலுக்கு வாகானது. ஆனால் ஆண்டுக்கு 60, 80 முட்டைதான், அடிக்கடி அடைக்கும் உட்காரும். ஊரிலிருந்து உயிர்க்கோழியோ அடைமுட்டையோ பையில் கொண்டுவர முடியாது. உரிமமின்றி இறக்குமதி செய்வது குற்றம். அதற்கு ஈடாக இங்கே கிடைக்கும் கம்போங் கோழியில், அதாவது இங்குள்ள நாட்டுக்கோழியில், ஒன்றைச் சேர்க்கலாம். கழுத்தில் இறகில்லாத வகை கிடைத்தால் இன்னும் நல்லது, சூடு எளிதாக இறங்கும். ஆக மூன்று பழுப்புக் கலப்பினம், ஒரு கம்போங். முட்டை வாரம் பதினைந்து, பதினாறு என்று இருக்கும், அதுவும் உங்களுக்குப் போதும். கம்போங் கோழி நன்றாகப் பறக்கும், கூண்டுக்குக் கூரை கட்டாயம். பக்கத்துப் பூங்காவில் திரியும் கோழிகளைப் பிடித்து வர வேண்டாம். அவற்றில் காட்டுக்கோழியும் இருக்கலாம், நோயும் இருக்கலாம்.

குஞ்சாக வாங்காமல் 16 முதல் 18 வார விடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையாக, வாங்குங்கள். வாங்கும்போது நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்திபோல் துருத்தினால் மெலிந்த கோழி. ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும், கால் செதில்கள் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது, காதருகே வைத்தால் மூச்சில் கரகரப்புக் கேட்கக் கூடாது. வெள்ளைக் கழிச்சல், அம்மை இரண்டுக்கும் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். அம்மையைக் கொசு பரப்பும். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கவிழ்த்துக் கழுவினால் அதற்கும் நல்லது, டெங்கிக்கும் நல்லது.

உங்கள் ஆறு சதுர மீட்டரில் ஒன்றரை, இரவு அடையும் கூடு. மீதி முழுக்கக் கூரையிட்ட உலாவும் இடம். ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் பரண்கம்பு, நான்குக்கும் சேர்த்து ஒரு அடிச் சதுரத்தில் முட்டைப் பெட்டி இரண்டு. அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே வைக்காது. எலி நுழையும், குட்டி மலைப்பாம்பும் நுழையும். 12 மில்லிமீட்டர் கண் உள்ள பற்றவைத்த இரும்பு வலை போடுங்கள். மண்தரை என்றால் வலையை 30 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். தீனி ஒரு கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம். தீனி மூட்டையை மூடிபோட்ட தகர டின்னில் வையுங்கள். தின்றது போக மீதியைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

பிள்ளைகளின் சில்க்கிக்கு ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதன் இறகு மழைநீரை வழியவிடாது. நனைந்தால் தோல்வரை ஈரம். தலைக்கொண்டை இறகு கண்ணை மறைப்பதால் பெரிய கோழி வருவது தெரியாமல் கொத்து வாங்கும். அதை இந்த நான்கோடு ஒரே கூட்டில் விடக் கூடாது. கூடு காய்ந்த நிலையில், நாற்றமில்லாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால், வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனி இடம் ஒதுக்கி இரண்டாக வாங்குங்கள். பெட்டை என்று உறுதியாகத் தெரிந்த, முட்டையிடத் தொடங்கிவிட்ட கோழிகளாகப் பார்த்து வாங்குங்கள். நோய் தொற்றாமலிருக்க, முதல் முப்பது நாள் அவற்றுக்குத் தனிப் பாத்திரம், அவற்றிடம் போகும்போது உங்களுக்குத் தனிச் செருப்பு.