ஆப்கானிய உணவகத்தில் சாப்பிட்ட அனுபவம் எப்படி இருந்தது? சைவம் சாப்பிடுபவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். சைவர்களும் போகலாம். அவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை உண்டு, அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் டெல்லியில் வேலை பார்ப்பவன். லஜ்பத் நகரில் ஆப்கானியர்கள் நடத்தும் கடைகளில் பல வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன், அதனால் என் பதில் முழுக்க அந்தப் பகுதியைப் பற்றியதுதான். சென்ட்ரல் மார்க்கெட்டின் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டிப் பக்கத்துத் தெருக்களுக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகைகளில் ஆப்கானியர்களின் தாரி மொழி எழுத்து வந்துவிடும். மருந்துக்கடை, தங்கும் விடுதி, பணம் மாற்றும் இடம், ரொட்டி சுடும் கடை எல்லாவற்றிலும் அதே எழுத்து. தேசப் பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்காக அமைக்கப்பட்ட குடியிருப்பு இது. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகும், 1990களின் உள்நாட்டுப் போரிலும் அங்கிருந்து கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு காபூலிலிருந்து விமானம் ஏறி, தெற்கு டெல்லியின் பெரிய மருத்துவமனைகளுக்கு வைத்தியம் பார்க்க வருபவர்கள் அதிகமானார்கள். இந்த உணவகங்களில் பலவும் பிழைத்தது அந்த நோயாளிகளையும் கூட வந்த உறவினர்களையும் நம்பித்தான். அதனால் இங்கே சமைப்பது சுற்றுலா வந்தவர்களை அசத்துவதற்கான சாப்பாடு கிடையாது. ஊரை விட்டு வந்து, உடம்பு சரியில்லாமல், வாய்க்குப் பழகிய சோறும் ரொட்டியும் தேடுகிறவர்களுக்கான சாப்பாடு. எனக்கு இந்தக் கடைகள் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

டெல்லியில் தெருவுக்குத் தெரு 'ஆப்கானி சிக்கன்' என்று ஒன்று விற்பார்கள். கிரீமும் முந்திரி விழுதும் தடவி வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆப்கானி மோமோ, ஆப்கானி சோயா சாப் வரைக்கும் வந்துவிட்டது. அதெல்லாம் வட இந்திய ஓட்டல்களின் கைவேலை. அதை எதிர்பார்த்து இங்கே போகாதீர்கள்.

முதலில் காபூலி புலாவ். மேசைக்கு வரும்போது வெறும் சோற்றுக் குவியல்போலத்தான் தெரியும். மேலே மெல்லிசாக நீளவாக்கில் நறுக்கிய கேரட், உப்பிய உலர் திராட்சை, சில கடைகளில் பாதாமும் பிஸ்தாவும். கறி எங்கே என்று தேடவேண்டும், அது சோற்றுக்கு அடியில் புதைந்திருக்கும். நம் ஊர்க்காரர்கள் பலர் முதல் கவளத்திலேயே முகம் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன். காரம் இல்லை, மசாலா வாசனை தூக்கவில்லை, நடுவில் இனிப்பு வேறு. கூட வந்த அலுவலக நண்பர் ஒருவர் "நோயாளிக்குச் சமைத்ததா?" என்று கேட்டேவிட்டார்.

அவசரப்படாமல் சாப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும். வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, அதில் கறியைப் புரட்டி, தண்ணீர் விட்டு நெடுநேரம் வேகவைக்கிறார்கள். வெங்காயம் இருந்த இடம் தெரியாமல் கரைந்து, கறியின் சாறோடு சேர்ந்து பழுப்பு நிறக் குழம்பாகிவிடும். நீள அரிசியை ஊறவைத்து, முக்கால் பதம் வெந்ததும் வடித்து, அந்தச் சாற்றைச் சேர்த்துத் தம்மில் போடுகிறார்கள். சோற்றின் பழுப்பு நிறம் அங்கிருந்து வருவது. சீரகமும் ஏலக்காயும் இருக்கும், ஆனால் கறிச்சாறுக்கு முன்னால் வந்து நிற்காது. கேரட்டைக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துத் தனியாக வதக்குவார்கள். கேரட்டை மனிதர்கள் முதலில் பயிரிட்டது இன்றைய ஆப்கானிஸ்தானையும் சேர்த்த மத்திய ஆசியப் பகுதியில்தான் என்பது தாவரவியலாளர்கள் பலரின் கருத்து. இந்தச் சோற்றில் அதற்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ஒரு வாய் சோறு, ஒரு துண்டு கறி, இரண்டு திராட்சை என்று சேர்த்துச் சாப்பிடுங்கள். உப்பும் இனிப்பும் கொழுப்பும் ஒன்றாகக் கூடும்போது இதில் மிளகாய்க்கு இடமே இல்லை என்று உங்களுக்கே படும்.

அப்படியும் நாக்கு கேட்கவில்லையென்றால் மேசையில் பச்சைச் சட்னி இருக்கும். கொத்தமல்லி, பச்சை மிளகாய், வினிகர் சேர்த்து அரைத்தது. கபாபுக்கும் அதுவே துணை.

கபாபில் சோப்பான் கபாப் கேளுங்கள். ஆட்டிடையர்களின் கபாப் அது, விலா எலும்போடு கறியை உப்புப் போட்டுக் கரியில் சுடுவது. ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஆப்கானிஸ்தானில் இதற்குக் கொழுத்த வால் உள்ள செம்மறியின் கறி. அந்த வால் கொழுப்பையும் கறித்துண்டுகளுக்கு நடுவே கம்பியில் கோத்துச் சுடுவார்கள். டெல்லியில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடுதான். நெருப்பில் உருகிச் சொட்டும் அந்தக் கொழுப்பு இங்கே வாய்ப்பதில்லை. காபூல்காரர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊர் ஆடு இல்லை" என்று சொன்னார்.

என் விருப்பம் எப்போதும் மந்துதான். நம் கொழுக்கட்டைபோல ஆவியில் வேகவைப்பது. மெல்லிய மாவுக்குள் கொத்துக்கறியும் நிறைய வெங்காயமும். மேலே பூண்டு கலந்த கெட்டித் தயிர், அதற்கும் மேலே கடலைப்பருப்பும் தக்காளியும் சேர்ந்த குழம்பு, கடைசியாகக் காய்ந்த புதினாத் தூள். சூடான மந்துவும் குளிர்ந்த தயிரும் வாயில் ஒன்றாகச் சேரும். இதைச் செய்ய நேரம் பிடிக்கும், ஒவ்வொன்றாகக் கையால் மடிக்கவேண்டும். இருபது நிமிடம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் சந்தோஷமாகக் காத்திருங்கள், அப்போதுதான் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் ரொட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. ஒரு முழம் நீளத்துக்கு, விரலால் அழுத்திய கோடுகளோடு, மேலே எள்ளோ கருஞ்சீரகமோ தூவி, தந்தூர் அடுப்பிலிருந்து நேராக வரும். பஞ்சாபி ஓட்டல் நானில் இருக்கும் வெண்ணெய்ப் பளபளப்பு இதில் கிடையாது. கோதுமையின் மணம் மட்டும்தான். மாலை நேரத்தில் ரொட்டிக் கடை முன்னால் ஆப்கானியப் பெண்களும் சிறுவர்களும் நின்று, காகிதத்தில் சுற்றிக் கையோடு வாங்கிப் போவார்கள். ரொட்டிக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை பெரிது. ஒரு துண்டு கீழே விழுந்தால்கூட எடுத்துக் கால் படாத உயரத்தில் வைத்துவிடுவார்கள். நீங்களும் மிச்ச ரொட்டியைக் கசக்கித் தட்டில் போட்டுவிட்டு எழாதீர்கள்.

சில கடைகளில் மேசை நாற்காலியோடு, கம்பளம் விரித்த மேடையும் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காரலாம். நடுவில் விரிக்கும் துணிக்கு தஸ்தர்கான் என்று பெயர், அதை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. கையால் சாப்பிடுவதைப் பார்த்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. ஒருமுறை பக்கத்து மேடையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வயதான தகப்பனாருக்கு மகன் மந்துவைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் புலாவைக் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பெரியவர் கவனித்துவிட்டு, மகனிடம் ஏதோ சொல்லித் தங்கள் தேநீர்க் கெண்டியை என் பக்கம் நகர்த்தச் சொன்னார். மகனுக்கு இந்தி நன்றாக வந்தது, சினிமா பார்த்துக் கற்றதாம். எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். பரிமாறுகிற தம்பி வந்து, அங்கேயும் வைத்தியம் நல்லா இருக்குமாமே, செலவு எப்படி என்று பேச்சில் சேர்ந்துகொண்டார். அரை மணி நேரம் ஆஸ்பத்திரிகளைப் பற்றித்தான் பேசினோம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கிளம்பும்போது பெரியவர் நெஞ்சில் வலது கையை வைத்துத் தலை சாய்த்தார்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கைக்குப் போனது. அதே மாதத்தில், இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்களை இந்தியா செல்லாததாக்கியது. நோயாளிகள் வருவது படுத்துவிட்டது. நான் வழக்கமாகப் போன கடை ஒன்று பூட்டிக்கிடந்தது, இன்னொன்றில் பாதி இடத்தைத் தடுத்து வேறு வியாபாரத்துக்கு விட்டுவிட்டார்கள். பரிமாறிய பையன்களில் சிலர் கனடாவுக்குப் போக மனுப்போட்டுக் காத்திருந்தார்கள். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. அதனால் இத்தனை வருடம் கழித்தும் அவர்களில் பலருடைய இருப்பு உறுதியில்லாததாகவே இருக்கிறது. இந்தக் கடைகளுக்குப் போங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி சைவர்களுக்கு. புலாவில் கறியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். அது சைவம் ஆகாது, அரிசி வெந்ததே கறிச்சாற்றில். கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், இந்தியில் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். உங்களுக்கு ஏற்றது போலானி. உருளைக்கிழங்கோ, கந்தனா என்ற பூண்டு வாசனைக் கீரையோ உள்ளே வைத்து மெல்லிசாகத் தட்டிப் பொரித்தது. பிறகு போரானி பஞ்ஜான்: கத்திரிக்காயை வறுத்துத் தக்காளியோடு வேகவைத்து, மேலும் கீழும் பூண்டுத் தயிர். சூடான நானோடு அதைச் சாப்பிட்டால் கறி இல்லாத குறையே தெரியாது. மஞ்சள் பூசணியிலும் இதேபோல ஒன்று செய்வார்கள், கிடைத்தால் விடாதீர்கள். ஆஷக் என்பதும் கந்தனா வைத்து மடித்ததுதான். ஆனால் அதன்மேல் வழக்கமாகக் கொத்துக்கறி ஊற்றுவார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

நம் வீட்டுச் சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்துக்கான பால் பிசின் பெருமளவு ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் செடி நட்டுப் பயிர்செய்யும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. ஆனால் இந்தக் கடைகளின் சாப்பாட்டில் பெருங்காய வாசனையை நான் உணர்ந்ததே இல்லை. விளைகிற நாட்டின் சமையலில் அதற்கு இவ்வளவு சிறிய இடம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

குடிக்க தூக் வாங்குங்கள், புதினாவும் உப்பும் போட்ட மோர். சாப்பாட்டுக்குப் பிறகு ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர், பால் கிடையாது. இனிப்புக்கு ஃபிர்னி. காபூலில் குளிர்காலத்தில் பொரித்த மீனோடு ஜிலேபி சாப்பிடும் பழக்கம் உண்டு, டிசம்பர் ஜனவரியில் போகிறவர்கள் அது இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

முதல் தடவை இரண்டு பேர் போனால் ஒரு புலாவ், ஒரு மந்து, ஒரு போரானி போதும், அளவு தாராளமாக இருக்கும். நான் ரொட்டி பெரும்பாலும் சாப்பாட்டோடு தானாகவே வந்துவிடும், தனியாகச் சொல்லவேண்டாம். மதியம் ஒரு மணிவாக்கில் போவது நல்லது, புலாவ் அப்போதுதான் இறக்கியிருப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் பகலில் போகாமல், நோன்பு திறந்து அரை மணி நேரம் கழித்துப் போங்கள்.