பதில்: திலாவா கிராமத்தில் ஒரே பெயரில் மூன்று குழந்தைகள்

உங்கள் கணவரின் கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போது, தென்கிழக்குப் போலந்தின் திலாவா கிராமத்து 1880களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே பெயரிலும் குடும்பப் பெயரிலும் மூன்று குழந்தைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கார்பாத்திய மலைப்பகுதியின் கிழக்கு ஸ்லாவிய மக்களான லெம்கோக்களின் கிராமங்களில் இது மிகவும் இயல்பு. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பப் பெயர்களே ஊர் முழுவதும் பரவியிருக்கும்.

தயவுசெய்து குடும்பப் பெயரை விட்டுவிட்டு வீட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஜோசப் பேரரசரின் 1784 ஆணைக்குப் பிறகு கலீசியாவின் (திலாவா அன்று இருந்த ஆஸ்திரிய ஆட்சிப் பகுதி) தேவாலயப் பங்குப் பதிவேடுகள் லத்தீனில், கட்டம் போட்டு எழுதப்பட்டன. அதில் வீட்டு எண்ணுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதே எண்ணில் நிகழ்ந்த திருமணங்களையும் இறப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று குடும்பங்களும் தனித்தனியே பிரிந்துவிடும். இடையில் எண்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஞானப்பெற்றோரையும் ஒப்பிடுங்கள். எனக்கு அதிக நம்பிக்கை தாயின் பெயரில்தான்.

எழுத்து வேறுபாட்டுக்காக எந்தப் பதிவையும் ஒதுக்காதீர்கள். ஒரே குடும்பத்தைப் பாதிரியார்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று: 1926-இல் திலாவா மக்களில் பெரும்பாலோர் கிரேக்கக் கத்தோலிக்கத்திலிருந்து (போப்பை ஏற்கும் கிழக்கத்திய வழிபாட்டுமுறைச் சபை) ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறினார்கள். அதற்குப் பிந்தைய உறவினர்களை ஆர்த்தடாக்ஸ் பதிவுகளிலும் தேட வேண்டும். போலந்து அரசு கட்டாயமாக மக்களை இடம்பெயர்த்த 1947-இன் விஸ்துலா நடவடிக்கையில் லெம்கோக்கள் போலந்தின் மேற்கிலும் வடக்கிலும் சிதறடிக்கப்பட்டார்கள். அதனால் ஊரில் விசாரித்து அறிவது கடினம். போலந்தின் பிஷெமிஷல் (Przemyśl) நகர அரசு ஆவணக் காப்பகத்தில் பழைய கிரேக்கக் கத்தோலிக்க மறைமாவட்ட ஆவணங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்.