அண்ணன் விற்றுத் தந்த கார், கைக்கு வராத பாக்கி

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் தக்கலை பக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்காவ. என் பேரில் உள்ள கார் ஓட்ட ஆளில்லாமல் சும்மா கிடந்ததால், திங்கள்சந்தையில் பழைய கார் விற்றுக் கொடுக்கிற கன்சல்டிங் வைத்திருக்கிற சித்தப்பா மகன் அண்ணனிடம் போன ஜூன் மாதம் விற்கக் கொடுத்தேன். பேர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேரளாவில் பாறசாலைக்காரர் ஒருவருக்கு 3,80,000 ரூபாய்க்குக் கொடுத்ததாகச் சொன்னாவ. கமிஷன் 5,000 என்று பேச்சு. என் கைக்கு வந்தது 1,50,000. "பார்ட்டி மீதி தரல்ல பிள்ளே, வந்ததும் தாறேன்" என்று எட்டு மாதமாக ஒரே பதில். வாங்கினவர் என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) கேட்டு எனக்கு இரண்டு தடவை போன் பண்ணினார். "நீ எடுக்காண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணன் சொன்னதால் பிறகு எடுக்கவில்லை. போன வாரம் நெய்யாற்றின்கரையில் சீட் பெல்ட் போடவில்லை என்று 500 ரூபாய் சலான் என் போனுக்கு வந்தது. மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்டணும். கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் மைனி (அண்ணன் மனைவி) அழுவாவ, குடும்பத்துக்குள் சண்டையாகும். காரின் இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கு. போய் வண்டியை எடுத்துட்டு வந்துரவா?
- ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, அந்தச் சாவியோடு பாறசாலைக்குப் போகவே கூடாது. வாங்கினவர் காசு கொடுத்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டியை நீங்கள் எடுத்து வந்தால் மறுநாள் புகார் உங்கள் மேல்தான் வரும். பணத்தையும் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பார்ட்டி பணம் தரவில்லை என்பது உண்மையானால், அவரிடம் நீங்கள் பேசுவதில் அண்ணனுக்கு என்ன சங்கடம்? இரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்திருக்கிற மனுஷன், வண்டி சொந்தக்காரியை அவராகவே தேடிக் கூப்பிடுவாரா? முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பேர் மாற்ற முடியாமல் தவிக்கிறவர்தான் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பதிவு வண்டியைக் கேரளாவில் பேர் மாற்ற, பதிவு செய்த ஆர்.டி.ஓ ஆபீசின் என்.ஓ.சி வேண்டும். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். அதனால்தான் அவர் உங்களைக் கூப்பிடுகிறார்.

இன்றைக்கே அவரைத் திருப்பிக் கூப்பிடுங்கள். சண்டைக்காக இல்லை. எவ்வளவு கொடுத்தீர்கள், என்றைக்கு, யார் கையில் என்று மட்டும் கேளுங்கள். பிறகு கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். வண்டி கைமாறும்போது டெலிவரி நோட் ஒன்று எழுதுவார்கள். தேதி, மணி, வண்டி நம்பர், தொகை, இரண்டு பக்கக் கையெழுத்து எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபே என்றால் ஸ்கிரீன்ஷாட், பேங்க் வழி என்றால் ஸ்டேட்மென்ட். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதை அவர் கைப்பட நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மலையாளத்தில் எழுதினாலும் குறைவில்லை. உங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய ஆதாரம் வேறு கிடையாது.

என்.ஓ.சி.யைக் கொடுக்காமல் இழுத்தடி, பணம் தானாக வரும் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். ஆர்.சி.யில் உங்கள் பேர் இருக்கிறவரை அந்த வண்டி மோதினால் நஷ்டஈட்டு வழக்கில் சொந்தக்காரர் நீங்கள்தான். விற்றுக் கைமாறி விட்டேன் என்று சொன்னாலும் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சீட் பெல்ட் சலானோடு போனது உங்கள் நல்ல நேரம். இன்சூரன்ஸ் தேதி தாண்டியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முழுப் பணமும் தந்ததற்கு அவர் சான்று காட்டினால் என்.ஓ.சி.க்கு ஒத்துழைத்து, சீக்கிரம் பேர் மாற்றச் சொல்லுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டு, பேர் மாறியதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணன் விஷயம். எட்டு மாதமாக நீங்கள் அவரிடம் கடன் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கூச்சமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை. உங்களுக்காக விற்றவர் அவர். விற்ற பணம் அவர் கையில் விழுந்த நேரமே அது உங்கள் பணம். ஒப்பந்தச் சட்டம் 218வது பிரிவு இதைத்தான் சொல்கிறது: முகவர் தனக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். 3,80,000ல் கமிஷன் 5,000 போக, தந்த 1,50,000 போக, பாக்கி 2,25,000. மகளின் பீஸ் அதில் இருக்கிறது. கேட்க எதற்குக் கூசுகிறீர்கள்?

இந்தக் கணக்கை அப்படியே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புங்கள். திட்டு வேண்டாம், சாபம் வேண்டாம். "அண்ணே, ஜூன் மாதம் என் காரை 3,80,000க்கு விற்றீங்க, 1,50,000 தந்தீங்க, கமிஷன் கழித்து 2,25,000 பாக்கி, எந்தத் தேதியில் தருவீங்க?" என்று மட்டும். பழக்கதோஷத்தில் அவர் "தாறேன்" என்று பதில் போட்டால் அதுவே அவர் வாயால் ஒப்புக்கொண்ட கணக்கு. பழைய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

குடும்பத்தில் பெரியவர்களை வைத்துப் பேச வேண்டுமா, தாராளமாகப் பேசுங்கள். பேசி முடித்ததைத் தாளில் எழுதி, தவணைத் தேதியும் தொகையும் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. அதற்குள் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம். செக் தந்தால் அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போடுங்கள். திரும்பினால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "அடுத்த வாரம் திரும்பப் போடு" என்று பேச்சு வாங்கியே இந்தக் கெடுவைக் கோட்டை விட்டவர்களை நாகர்கோவில் கோர்ட்டு வராந்தாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பையில் செக்கைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், நாள் போயிருக்கும்.

பேச்சில் முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே அவரை அழைத்துப் பேசுவார்கள், கட்டணம் இல்லை. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள். மைனி அழுவாவ என்று பயப்படுகிற உங்களைப் போன்றவர்களுக்கு இந்த வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். இங்கே யாரும் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை.

போலீஸ் கடைசியில். "இது சிவில் விவகாரம்மா" என்று முதலில் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு வரவில்லை என்று பொய் சொன்னது பாறசாலைக்காரர் தருகிற தாளில் தெரிந்தால், அது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316வது பிரிவில் வருகிற நம்பிக்கை மோசடிக்கான புகார். அப்போதும் அந்தத் தாளின் நகலை வைத்தே மனு எழுதுங்கள், மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

காலேஜில் பீஸுக்குத் தவணை கேட்டு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள், மகளை இந்தக் கவலையில் இழுக்காதீர்கள். அந்த இன்னொரு சாவி, பேர் மாறிய அன்று வாங்கினவர் கையில் கொடுக்க வேண்டியது. கொடுத்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.