சி.டி. ஸ்கேன் படத்தில் வாட்டர்மார்க் (பிக்சல் மதிப்புகளுக்குள் மறைக்கும் செய்தி) சேர்த்தால் நோயறிதல் கெடாதா?

கெடலாம். அதனால் மருத்துவப் படத்துக்கு மீளக்கூடிய வாட்டர்மார்க்தான் சரி: செய்தியை எடுத்ததும் மூலப்படம் ஒரு பிட் மாறாமல் திரும்ப வேண்டும். 2003-இல் ஜுன் தியன் வெளியிட்ட வித்தியாச விரிவு முறை இதைச் செய்கிறது.

பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பு 120, 117 என்று வைப்போம். சராசரி 118 (பின்னத்தை விட்டுவிடுங்கள்), வித்தியாசம் 3. வித்தியாசத்தை இரட்டித்து, மறைக்கும் பிட் 1-ஐக் கூட்டினால் 7. புதிய ஜோடி 122, 115. சராசரி அதே 118. எடுக்கும்போது 7-இன் கடைசி பிட்தான் செய்தி. 7-ஐப் பாதியாக்கிப் பின்னத்தை விட்டால் பழைய 3.

சிக்கல் பிக்சல் மதிப்பின் எல்லையில். மதிப்பு 0 முதல் 255 வரை மட்டுமே போகும் 8 பிட் படத்தில் 254, 249 ஜோடியை விரித்தால் 255-ஐத் தாண்டிவிடும். அத்தகைய ஜோடிகளைத் தொடாமல், எவை விரிக்கப்பட்டன என்ற வரைபடத்தையும் சுருக்கி உள்ளேயே பதிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எதைப் பதிப்பது? மூலப்படத்தின் ஷா-256 ஹாஷ், அதாவது படத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்: வெறும் 256 பிட். மீட்ட படத்தின் ஹாஷ் பதித்ததோடு பொருந்தாவிட்டால் படம் மாறியிருக்கிறது; யாரோ கைவைத்திருக்கலாம். ஹாஷை மருத்துவமனையிடம் மட்டும் இருக்கும் ரகசியத் தனிச்சாவியால் கையொப்பமிடுங்கள். இல்லையென்றால் திருத்தியவரே புது ஹாஷைப் பதித்துவிடுவார்.

இழப்புள்ள (தரவில் கொஞ்சத்தை விட்டுச் சுருக்கும்) ஜேபெக்கில் சேமித்தால் எல்லாம் போச்சு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதி. வாட்டர்மார்க் படத்தை ரகசியமாக்காது. அதற்குக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) தனியே வேண்டும்.