ஏமாற்றியது ஒருத்தி... சந்தேகப்படுவது ஊரையே!

கேள்வி: எனக்கு 46 வயது. பக்கத்துத் தெருவில் பதினைந்து வருஷமாக 'அக்கா, அக்கா' என்று பழகியவள், நான் கட்டிய இரண்டு லட்சம் ரூபாய் சீட்டுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம். அதிலிருந்து யாரையும் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினால்கூட, 'இவங்களுக்கு நம்மகிட்ட என்ன காரியம் ஆகணுமோ' என்றுதான் தோன்றுகிறது. பஸ்ஸில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். 'நீ முன்ன மாதிரி இல்லம்மா' என்கிறாள் மகள். மனிதர்கள் மேல் எனக்கு மறுபடி நம்பிக்கை வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

பணம் போனது ஒரு வலி என்றால், பதினைந்து வருஷப் பழக்கம் பொய்யாகிப்போனது அதைவிடப் பெரிய வலி. இதில் கொடுமை என்னவென்றால், 'நீ ஏன் நம்பினே?' என்றுதான் ஊர் முதலில் கேட்கும். ஏமாற்றியவர் எங்கேயோ நிம்மதியாக இருக்க, ஏமாந்தவர் தலைகுனிந்து நடப்பார். நீங்கள் குனிய வேண்டாம். நம்பியது குற்றமில்லை.

முதலில் பண விஷயம். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். சீட்டு நோட்டு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உங்களோடு சீட்டுக் கட்டிய மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போய் போலீசில் புகார் கொடுங்கள். இனி எழுத்தில் இல்லாமல் யாருக்கும் பணம் தருவதில்லை என்று முடிவு எடுத்திருந்தால், அது நல்ல முடிவு. அதை மாற்றிக்கொள்ளும்படி நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு லட்சத்தை நம்பிக் கொடுப்பது வேறு, ஒரு கிண்ணம் குழம்பை நம்பி வாங்கிக்கொள்வது வேறு. முதலாவதில் பட்ட சூட்டுக்கு இரண்டாவதையும் சேர்த்துப் பூட்டிவிட்டீர்கள்.

பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறும்போது கொஞ்சம் கவனியுங்கள். கண்டக்டர் முன்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். பின்படியில் ஏறிய பையன் 'சத்திரம் ஒண்ணு' என்று ஐம்பது ரூபாய்த் தாளை முன்னால் நிற்பவரிடம் நீட்டுவான். தாள் கைமாறிக் கைமாறிப் போகும். யாருக்கும் யாரையும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். பையன் எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். கைக்குழந்தையோடு தடுமாறி நிற்கும் பெண்ணிடம், உட்கார்ந்திருக்கிற அம்மா 'இங்க குடும்மா' என்று குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பெற்றவளும் கொடுத்துவிடுவாள்! என்றைக்கோ ஒருநாள் பர்ஸ் பறிபோனால் அதை வீட்டுக்கு வந்து சொல்கிறோம். பத்திரமாக வந்து சேர்ந்த சில்லறையைப் பற்றி யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வங்கி, ஹோட்டல், தபால் நிலையம், தியேட்டர் என்று ஓர் இடத்துக்குப் போய், அங்கே வேலை செய்பவரிடம் 'இது தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரியான பர்ஸ்: ஒரு சாவி, மளிகைச் சாமான் பட்டியல், மின்னஞ்சல் முகவரியோடு விசிட்டிங் கார்டு. சிலவற்றில் பணம் உண்டு, சிலவற்றில் இல்லை. மொத்தம் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸுகள். பணம் இருக்கிற பர்ஸ்தான் அதிகம் காணாமல் போகும் என்று பொதுமக்கள் நினைத்தார்கள்; பொருளாதார நிபுணர்களும் சரியாகக் கணிக்கவில்லை. நடந்ததோ நேர்மாறு. பணம் இல்லாத பர்ஸுக்கு 100க்கு 40 பேர் உரியவரைத் தொடர்புகொண்டார்கள். பணம் இருந்தபோது 51 பேர். மீதிப் பேர் தொடர்புகொள்ளவே இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் பணத்தைக் கண்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நாம் போடும் கணக்கு தப்பாகிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கைப் போடுவது, சூடுபட்ட மனது. அது இன்னும் கடுமையாகத்தான் போடும்.

நம்பிக்கை வரட்டும், அப்புறம் பழகலாம் என்று காத்திருந்தால் அது தானாக வராது. அடுத்த தடவை குழம்பு வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமனே கழுவிக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையே. ஒரு பிடி முருங்கைக்கீரையோ, நாலு எலுமிச்சையோ, இருப்பதைப் போட்டு, மகளிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டு வாருங்கள். வேறு ஒரு நாள், நீங்களாகவே ஒரு சின்ன உதவி கேளுங்கள். 'கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வைக்கிறீங்களா?' போதும். நடக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லாத உதவியாகக் கேளுங்கள். நடந்தால் நன்றியை வாய்விட்டுச் சொல்லுங்கள், ராத்திரி சாப்பிடும்போது மகளிடமும் சொல்லுங்கள். அவள் வெளியே போய் நாலு பேரோடு பழக வேண்டிய பெண். ஏமாந்த கதை மட்டுமே அவள் காதில் விழுந்துகொண்டிருக்கக் கூடாது.

அந்தம்மாவுக்கு உங்களிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்குமோ என்கிறீர்கள். இருக்கட்டுமே! ரேஷன் கடைக்குப் போக ஒரு துணை, சாயங்காலம் பேச ஓர் ஆள். அக்கம்பக்கம் என்றால் அதுதானே?

ஒருவேளை ராத்திரித் தூக்கம் வராமல், திரும்பத் திரும்ப அதே நினைப்பாக இருந்தால், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.