பாட்டியின் கதைகளை எந்தச் செயலியில் சேர்த்து வைப்பது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாட்டிக்கு 84 வயது. நிறையக் கதை சொல்வார். ஒரு பெட்டி நிறையப் பழைய ஃபோட்டோக்கள், தாத்தா பேசிய இரண்டு கேசட்டுகள், வாட்ஸ்அப் குழுவில் சிதறிக் கிடக்கும் படங்கள் என்று பலதும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க ஆசை. வாரம் ஒரு கேள்வி அனுப்பி, கிடைக்கும் பதில்களைப் புத்தகமாக அச்சிட்டுத் தரும் சந்தா சேவை ஒன்றை அக்கா சொல்கிறாள். கொடிவழி (குடும்ப மரம்) வரையும் தளமே போதும் என்கிறான் சித்தப்பா மகன். கூகுள் டிரைவ் இருக்கும்போது தனியாக எதற்கு என்கிறார் கணவர். எதைத் தேர்ந்தெடுப்பது?"

மூவரும் சொல்வது சரிதான். ஆனால் ஒவ்வொருவரும் சொல்வது வேறு வேறு வேலைக்கான கருவி. அதைப் பிரித்துச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். செயலியை அடுத்த மாதம்கூடத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டியின் குரலை இந்த வாரமே பதிவு செய்யத் தொடங்குங்கள். ஃபோட்டோக்கள் பெட்டியில் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும். அந்த ஃபோட்டோக்களில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், உங்கள் கைபேசியில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியே போதும். அழைப்பு வந்து பதிவு நின்றுவிடாமல் இருக்க ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, மடித்த துணியின் மேல் அவருக்கு அருகில் கைபேசியை வையுங்கள். அன்றைய தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் கோப்பின் பெயர் மாறினாலும் இந்த விவரம் குரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் வேவ் (WAV) என்ற, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பியைத் தாண்டும். இடம் பற்றாது என்றால் ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்4ஏ (M4A) வடிவமும் பேச்சுக்குப் போதுமானதே. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். அரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள்.

சரி, இப்போது கருவிக்கு வருவோம். பெரும்பாலானோர் ஒரு செயலியைப் பார்க்கும்போது, அதற்குள் படங்களை ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெளியே எடுக்கும் வழியை. இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் படங்களை ஒரு செயலியில் ஏற்றி, ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று மாலை மாலையாக உட்கார்ந்து எழுதினேன். வேறிடத்துக்கு மாற்ற நினைத்தபோது படங்கள் மட்டும் வந்தன. எழுதியதில் ஒரு வரிகூட வரவில்லை. அதில் பாதியைச் சொன்ன என் பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்துப் படம், ஒரு ஒலிப்பதிவு, தமிழில் நாலு வரிக் குறிப்பு ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள். உடனே எல்லாவற்றையும் பதிவிறக்கி, அந்தச் செயலி இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். படம் ஏற்றிய அதே அளவில் இருக்கிறதா, குறிப்பு கூடவே வந்ததா, தமிழ் எழுத்துகள் உடையாமல் இருக்கின்றனவா? இதில் தேறாத சேவை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரிய நிறுவனம் என்பதற்காக இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019இல். படங்களைச் சேர்த்து வைக்கும் ஃப்ளிக்கர் தளம், இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று 2018இல் அறிவித்தது. மைஸ்பேஸ் தளத்தில் பல ஆண்டுகளாக மக்கள் ஏற்றியிருந்த பாடல்கள் சர்வர் மாற்றத்தில் அழிந்துபோனது 2019இல் வெளியே தெரிந்தது. மூடுவதற்கு முன் அவகாசம் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்த அறிவிப்பு போய்ச் சேரும் மின்னஞ்சலை உங்கள் வீட்டில் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்கா சொல்லும் கேள்விச் சேவையைப் பற்றி. ஸ்டோரிவொர்த் போன்றவை இந்த வகை. மின்னஞ்சலில் கேள்வி வரும், பதில் எழுதி அனுப்பினால் ஆண்டு முடிவில் புத்தகமாகும். தட்டச்சு செய்து பழகிய பெற்றோருக்கு இது நன்றாகவே பொருந்தும். உங்கள் பாட்டிக்குப் பொருந்துமா என்பதுதான் என் தயக்கம். அவர் பேசி, நீங்கள் தட்டச்சு செய்யப்போகிறீர்கள் என்றால் சந்தா எதற்கு? பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதி இருப்பதாகச் சொன்னால், பாட்டியின் ஐந்து நிமிடப் பேச்சைக் கொடுத்துப் பாருங்கள். தமிழை எழுத்தாக்கும் கருவிகள் இப்போது பல உண்டு, ஆனால் வட்டாரப் பேச்சிலும் ஊர்ப் பெயர், ஆள் பெயர்களிலும் தடுமாறும். உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், திருத்தாமல் நம்பக் கூடாது. ஒலிப்பதிவை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். புத்தகம் அச்சிடும் யோசனையை நான் தள்ளிவிடவில்லை. கடவுச்சொல், மின்சாரம் எதுவும் கேட்காத பிரதி அது. கதைகள் சேர்ந்த பிறகு நீங்களே அச்சிடலாம்.

கொடிவழித் தளங்கள் யாருக்கு யார் என்ன உறவு என்பதைக் காட்டுவதில் கெட்டி. கதைகளுக்கு அவை அவ்வளவு வசதியாக இருக்காது. இதில் ஒரு நல்ல விஷயம், கொடிவழி விவரங்களுக்கென்றே ஜெட்காம் (GEDCOM) என்ற பொதுக் கோப்பு வடிவம் 1984இலிருந்தே இருக்கிறது. அந்த வடிவில் கோப்பை வெளியே தரும் தளமாக இருந்தால், பெயர்களையும் உறவுகளையும் வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்லலாம். பழைய ஜெட்காம் கோப்பில் படங்கள் கூடவே வராது. 2021இல் வந்த 7.0 பதிப்பில்தான் படங்களையும் சேர்த்துக் கட்டும் முறை வந்தது. இணையத்தில் வைக்கத் தயக்கம் என்றால் கிராம்ப்ஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருள் உங்கள் கணினியிலேயே இயங்கும். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம்தான், ஆனால் அங்கே மறைந்தவர்கள் பற்றிய பதிவுகள் எல்லோருக்கும் பொதுவான ஒரே மரத்தில் சேரும், பிறரும் அவற்றைத் திருத்த முடியும். எந்தத் தளமானாலும் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுப் பார்வைக்கு விடாதீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதுதான் என் தீர்ப்புக்கு மிக அருகில் வருகிறது. சாதாரணக் கோப்புறைகள், சாதாரணக் கோப்பு வடிவங்கள். எந்தக் கணினியிலும் திறக்கும், எந்தச் சேவைக்கும் மாற்றலாம். ஆனால் டிரைவ் மட்டும் போதாது. கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி, அதை ஜிமெயிலும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது 2023இலிருந்து அவர்கள் விதி. அதனால் நீங்கள் கணக்கைப் பயன்படுத்தாமல் போனால் உங்கள் கோப்புகளை இன்னொருவரிடம் சேர்க்கும் செயலற்ற கணக்கு நிர்வாகி (Inactive Account Manager) என்ற அமைப்பில் நம்பிக்கையான இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள். ஆப்பிளிலும் மரபுத் தொடர்பு (Legacy Contact) என்று இதற்கு ஒரு வசதி உண்டு. இது போக, அதே கோப்புறையின் பிரதி ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஹார்ட் டிஸ்கைச் செருகித் திறந்து பாருங்கள்.

படங்களுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் போய்விடும். மூலப்படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்டு, 'டாகுமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியில் இருப்பவற்றை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும்தான். கேசட்டுகளின் மேல் விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தக்கைகளை முதலில் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. நல்ல பிளேயர் கிடைக்கும்வரை ஓட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

குறிப்புகளை, எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துக் குறியீடான யுனிகோடு தமிழில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குழப்பமாகத் தெரியும். அப்படி ஏதாவது வீட்டில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும், அப்போது தானாகவே வரிசையில் நிற்கும். இன்னொன்று, இதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன்: படத்தின் கீழே 'சித்தப்பா', 'அத்தை' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். உங்களுக்கு அத்தை, வேறொருவருக்கு அம்மா. நாளை உங்கள் பேத்தி படிக்கும்போது அது யாருடைய அத்தை? முழுப் பெயரை எழுதி, யாருக்கு என்ன உறவு என்று பக்கத்தில் சேருங்கள்.

முதல் உட்காரலுக்குக் கேள்விப் பட்டியல் வேண்டாம். பெட்டியிலிருந்து கூட்டமாக நிற்கும் ஒரு ஃபோட்டோவை எடுத்துப் பாட்டி கையில் கொடுத்து, பதிவை ஓட விட்டு, "ஓரத்தில் நிற்பது யார்?" என்று கேளுங்கள்.